குரூப் எடுக்கும் நாள்: கிராமத்து மாணவியரும் அறிவியல் கல்வியும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம்: ‘வழக்கம்போல் மாணவியரே அதிகத் தேர்ச்சி.’ 2024இல் மாணவியர் 96.44 சதவீதம், மாணவர் 92.37 சதவீதம். 2025இல் மாணவியர் 96.70, மாணவர் 93.16. ஆண்டுதோறும் வரும் இந்தச் செய்தியில் இனிப்பு ஊட்டும் படம் இருக்கும், மாவட்ட வாரியான தரவரிசை இருக்கும். தேர்ச்சி பெற்ற மாணவியர் எந்தக் குரூப்பில் படித்தவர்கள் என்ற விவரம் மட்டும் அந்த முதல் பக்கத்தில் இராது.

மாணவியரின் அறிவியல் கல்வியைப் பற்றிப் பேச்சு வந்தால் மேடைகளில் ‘ஊக்குவிக்க வேண்டும்’ என்ற தொடர் தவறாமல் வருகிறது. அந்தத் தொடருக்குள் ஒரு நோய்க்கணிப்பு ஒளிந்திருக்கிறது: குறை ஊக்கத்தில்தான், அதாவது மாணவியின் மனத்தில்தான் என்பது அது. அந்தக் கணிப்பு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கிராமத்து மாணவி அறிவியல், தொழில்நுட்பப் படிப்பிலிருந்து விலகுவது ஆர்வக் குறைவினாலா? அல்லது பதினைந்து வயதில் எடுக்கப்படும் ஒரு முடிவு பெரும்பாலும் அவள் கையில் இல்லை என்பதாலா? என் வாதம் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. முதலாவதற்கும் சான்று உண்டு என்பதால் அதையும் எடைபோட வேண்டும்.

மனையியலிலிருந்து குரூப் வரை

ஒரு நூற்றாண்டுக்கு முன் தடை கண்ணுக்குத் தெரிந்தது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கு, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்வதற்கு மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். சுதந்திரத்துக்குப் பிறகு தடை பாடத்திட்டத்துக்குள் புகுந்துகொண்டது. பையன்களுக்குக் கணிதம், பெண்பிள்ளைகளுக்கு மனையியலும் இசையும் என்ற பிரிவினை இயல்பானதாகவே கருதப்பட்டது. இதை ஆராய 1960களின் தொடக்கத்தில் அமைந்த ஹன்சா மேத்தா குழு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் கூடாது என்றது. அதையொட்டி வந்த கோத்தாரிக் குழு (1964–66) பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் அறிவியலும் கணிதமும் கட்டாயம் எனப் பரிந்துரைத்தது. இந்தியப் பள்ளிக் கல்வியில் பெண்களுக்குக் கிடைத்த பெரிய, ஆனால் அதிகம் பேசப்படாத வெற்றிகளில் இது ஒன்று.

1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தபோது பிரிவினை இடம் மாறியது. பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே பாடம் படிக்கிறார்கள். பதினொன்றில் குரூப். கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தது பர்ஸ்ட் குரூப். கணிதம் விட்டு, உயிரியல் பக்கம் போவது பியூர் சயின்ஸ். பிறகு வணிகவியல் (தேர்டு குரூப்), கலை, தொழிற்கல்விக் குரூப்புகள். இந்த முடிச்சைப் போட்டுவிட்டால் பின்னர் அவிழ்ப்பது கடினம். கணிதத்தை விட்டவளுக்குப் பொறியியல் ஏறத்தாழ மூடிவிடுகிறது. உயிரியலை விட்டவளுக்கு மருத்துவமும் செவிலியர் பட்டப்படிப்பும் இல்லை. இங்கே யாரும் யாரையும் தடுப்பதாகத் தெரியாது. படிவத்தில் கையெழுத்துப் போடுவது மாணவியும் பெற்றோருமே. அதனால்தான் விளைவு எதுவானாலும் ‘அவளுக்கு அதில் ஆர்வமில்லை’ என்று சொல்ல முடிகிறது.

எண்கள் சொல்வது

ஊரகக் கல்வி நிலை குறித்த, 2023ஆம் ஆண்டுக்கான ‘ஏசர்’ அறிக்கை 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளோரை ஆராய்ந்தது. பதினொன்றாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்போரில் அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பிரிவுகளில் இருந்த ஆண்கள் 36.3 சதவீதம், பெண்கள் 28.1 சதவீதம். பள்ளியில் சேர்வதில் இடைவெளி பெரிதும் மறைந்துவிட்ட காலத்திலும் பிரிவைத் தேர்வதில் அது மிச்சமிருக்கிறது.

அதே வேளை, உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பு வேறொரு படத்தைத் தருகிறது. 2021–22இல் அறிவியல் பட்டப்படிப்புகளில் பெண்கள் 52 சதவீதத்துக்கும் மேல், அதாவது ஆண்களைவிட அதிகம். பொறியியலிலோ அதற்கு முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 29 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 2021–22இல் உயர்கல்வியில் சேரும் விகிதம் மொத்தத்தில் 47 சதவீதம். அதில் பெண்கள் விகிதம் 47.3, ஆண்களைவிட ஒரு மயிரிழை கூடுதல். நாட்டின் சராசரி 28.4.

இந்த எண்களைச் சேர்த்து வாசித்தால் ‘அறிவியல் தொழில்நுட்பம்’ என்று ஒரே மூச்சில் சொல்வதே ஒரு குழப்பம் என்பது புரியும். கல்லூரிக்குப் போவதில் தமிழ்நாட்டுப் பெண்களோ, அறிவியல் பட்டப்படிப்பில் இந்தியப் பெண்களோ பின்தங்கிவிடவில்லை. இடைவெளி இருப்பது கணிதமும் இயற்பியலும் சுமந்து செல்லும் தொழில்நுட்பப் பாதையில். இன்னொரு இடைவெளி அதற்கும் மேலே, ஆய்வுக்கூடத்தில்: 2018 நிலவரப்படி இந்தியாவின் ஆய்வாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம். வகுப்பறையில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒரு பங்காகிறார்கள். அந்த இரண்டாவது கசிவு திருமணம், பணியிட மாற்றம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றோடு பின்னியது, தனிக் கட்டுரைக்குரியது. இங்கே முதல் கசிவை மட்டும் பார்ப்போம்.

தலைமையாசிரியர் அறை மேசை

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் நாட்களில் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் ‘ஊக்கம்’ என்ற சொல் எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். மேசையின் இந்தப் பக்கம் மதிப்பெண் பட்டியலோடு மாணவி, பின்னால் அம்மாவோ அண்ணனோ. உரையாடல் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் காரணம், பள்ளியில் என்ன இருக்கிறது என்பது. உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிகிறது. மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்தாலும் அங்கே எல்லாக் குரூப்பும் இருக்கும் என்பதில்லை. ஆட்கள் சேராத குரூப் நின்றுவிடும். குரூப் இல்லாததால் ஆட்கள் வேறு பள்ளிக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு இன்னும் குறையும். பாடம் இருந்து ஆசிரியர் இல்லாத நிலையும் உண்டு. 2022இல் அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப அரசு ஆணையிட்டது. தமிழ் ஆசிரியர் இல்லாத வகுப்பு எப்படியோ ஓடிவிடும். கணித ஆசிரியர் இல்லாத பர்ஸ்ட் குரூப் ஓடாது. அப்போது டியூஷன் தேவைப்படுகிறது. டியூஷன் டவுனில் இருக்கிறது. அது முடிகிற நேரம் இருட்டிவிடுகிறது. கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு. அதே வகுப்புப் பையன் நண்பனின் வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு வந்துவிடுவான்.

இணையவழிப் பாடம் இதை ஈடுசெய்யும் என்பார்கள். மேற்சொன்ன ‘ஏசர்’ அறிக்கையிலேயே, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 சதவீதத்தினரிடம் சொந்தக் கைபேசி இருந்தது, பெண்களில் 19.8 சதவீதத்தினரிடம் மட்டுமே. வீட்டில் ஒரு கைபேசி என்றால் அது யார் சட்டைப்பையில் இருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் அதிகம் கவனிக்கப்படாதது. என் பார்வையில் மிக முக்கியமானது. பள்ளிக்கு ‘ரிசல்ட்’ வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி தலைமையாசிரியருக்குப் பாராட்டு. அது குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அறுபது எடுத்த மாணவியைப் பர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துக்கொள்வது பள்ளிக்கு ஆபத்து. ‘எதுக்கும்மா ரிஸ்க், தேர்டு குரூப் எடுத்தா நல்ல மார்க் வரும்’ என்று சொல்லும் ஆசிரியரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அக்கறையோடுதான் சொல்கிறார். அதே அறுபது மதிப்பெண் பையனின் தந்தை, ‘எப்படியாவது பார்த்துக்கறோம் சார், இன்ஜினியரிங்தான் படிக்க வைக்கணும்’ என்று பிடிவாதம் பிடிப்பார். மாணவியின் தாய் அப்படிப் பிடிவாதம் பிடிப்பது அரிது. ஆசிரியரின் ஆலோசனை இருவருக்கும் ஒன்றுதான். அதை மறுத்துப் பேச ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு. மே மாதத்தில் நாம் கொண்டாடும் தேர்ச்சி விகிதமே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சில மாணவியரைக் கணிதத்திலிருந்து நகர்த்தி வைத்ததால் கிடைத்ததாகவும் இருக்கலாம். கொண்டாட்டத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க இதுவே போதும்.

செயற்கைக்கோளும் செங்கோட்டையும்

இனி, ஊக்குவிப்பின் பக்கமிருந்து வரும் சான்று. அண்மைக் காலத்தின் மிகக் கவர்ச்சியான முயற்சி ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோள். சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைக்க, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் அதன் கருவிகளுக்கான பணியில் பங்கேற்றனர். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஆசாதிசாட் ஏவப்பட்டது. உணரிக் கோளாறால் ராக்கெட் சுமந்த செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, பூமியை 76 கிலோமீட்டர் வரை நெருங்கும் நீள்வட்டத்தில் போய்ச் சேர்ந்து, பயனற்றுப்போயின. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது ஆசாதிசாட் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது. (தோற்று, காரணம் கண்டுபிடித்து, மறுபடி ஏவியதைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் அந்த மாணவியர் பெற்ற ஆகச் சிறந்த அறிவியல் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.)

இத்தகைய முயற்சிகளை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் அவை எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரான்சில் பாரிஸ் வட்டாரப் பள்ளிகளில் பெண் அறிவியலாளர்கள் ஒரு மணி நேரம் வந்து பேசியதன் விளைவைத் தாமா பிரேதா, ஜூலியன் கிரெனே உள்ளிட்ட பொருளியலாளர்கள் சோதனை முறையில் அளந்தார்கள். பள்ளியின் இறுதியாண்டில் ஏற்கெனவே அறிவியல் பிரிவில், அதிலும் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவியரிடம் அந்த ஒரு மணி நேரம் பலன் தந்தது. தொழில்நுட்பப் படிப்புகளில் சேர்வோர் கூடினர். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில், பத்தாம் வகுப்பில் இருந்தவர்களின் முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பாரிஸ் வேறு, பரமக்குடி வேறு. முடிவை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் முன்மாதிரியைப் பார்த்துக் கிடைக்கும் உந்துதல் வாசலுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவருக்கே அதிகம் உதவுகிறது என்ற கருத்து நம் சூழலுக்கும் யோசிக்கத் தக்கது.

முன்மாதிரிகளின் வாழ்க்கையைச் சற்று வேறு விதமாகவும் வாசிக்கலாம். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அவ்வூர் அரசு மகளிர் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ரிசாட்-1 திட்ட இயக்குநராக இருந்த என். வளர்மதி அரியலூரில் பள்ளிப் படிப்பை முடித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவர். இவர்களை ‘விடாமுயற்சியின் சின்னங்கள்’ என்று பள்ளிச் சுவரில் எழுதிவைக்கிறோம். நான் பார்ப்பது வேறு: சொந்த ஊரிலேயே எட்டிய பள்ளி, அரசுக் கட்டணத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, கணிதம் படித்திருந்த ஒரு தந்தை (ஷாஜியின் தந்தை கணிதப் பட்டதாரி, விவசாயம் செய்தவர்). தலைமையாசிரியர் மேசையில் மகளுக்காகப் பேச ஆள் இருந்த வீடு அது. முன்மாதிரியைக் காட்டும்போது இந்தப் பின்னணியையும் சேர்த்துக் காட்டினால் மட்டுமே அது உண்மையான பாடமாகும்.

ஆர்வம் இல்லை என்ற வாதத்துக்கு இன்னொரு மறுப்பு கீழ் வகுப்புகளிலிருந்து கிடைக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 1987 முதல் வரும் அதன் ‘துளிர்’ இதழும் கிராமப் பள்ளிகளுக்குப் பரிசோதனைகளை எடுத்துச் சென்றன. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அதையே 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் செய்ய முயல்கிறது. இந்த வகுப்புகளில் முன்வரிசையில் முண்டியடிப்பவர்களில் சிறுமியர் குறைவில்லை என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். ஏழாம் வகுப்பில் இருந்த ஆர்வம் பதினொன்றில் எங்கே போகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

உதவி எப்போது வருகிறது?

1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், படித்த பெண்ணின் திருமணத்துக்குப் பணமும் பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். தாலியிலிருந்து படிப்புக்கு நகர்ந்தது கொள்கை அளவில் பெரிய திருப்பம், ஐயமில்லை. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு விரிவாக்கப்பட்ட, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படியே. அதன் தேவையை நீதிபதி முருகேசன் ஆணையம் ஆராய்ந்தபோது அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் 1 சதவீதம்கூட இல்லை.

ஆனால் இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வருகின்றன. கணிதத்தைப் பதினொன்றில் விட்டவளுக்குப் பொறியியல் ஒதுக்கீடு பயன்படாது. மாதம் ஆயிரம் ரூபாய் எந்தப் படிப்புக்கும் ஒன்றே. படிப்பைத் தொடரச் செய்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. எதைப் படிப்பது என்ற முடிவில் இவை தலையிடுவதில்லை. அதற்காக வகுக்கப்பட்டவையும் அல்ல.

பள்ளிப் பருவத்தில் வருவது அரசு தரும் சைக்கிள். பீகார் அரசு 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். சைக்கிளின் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தொலைவைக் குறைத்தால் பெண்கள் வருகிறார்கள் என்பது இரண்டிலும் உறுதியாகிறது. நம் ஊரிலோ சைக்கிள் குரூப் எடுத்து முடித்த பிறகுதான் கைக்கு வருகிறது. கணிதம் உள்ள பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஜூனில் முடிவு செய்தவளுக்கு, பிறகு கிடைக்கும் சைக்கிளால் என்ன ஆகும்?

எதிர்வாதம்: ‘அவர்களுக்குப் பிடித்தது உயிரியல்’

இதுவரை சொன்னதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எல்லா வசதியும் இருக்கும் இடத்திலும் மாணவியர் நர்சிங்கையும் ஆசிரியர் பணியையும் விரும்புகிறார்களே? ஸ்டோட், கியரி என்ற உளவியலாளர்கள் 2018இல், பாலினச் சமத்துவம் மிகுந்த நாடுகளில்தான் தொழில்நுட்பப் படிப்புகளில் பெண்களின் பங்கு குறைவு என்று எழுதினார்கள். விருப்பம் சுதந்திரமாக இருந்தால் பெண்கள் விலகுவார்கள் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. அவர்கள் கணக்கிட்ட முறை கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, பிறகு திருத்தம் வெளியிட நேர்ந்தது. திருத்தத்தை விட்டுவிட்டு முதல் வாதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இன்றும் உண்டு.

கிராமத்து மாணவியின் விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊரில் அவள் கண்ணால் பார்த்த, அறிவியல் படித்த பெண்கள் யார்? கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், பள்ளி ஆசிரியை. மூவருக்கும் வேலை வீட்டுக்குப் பக்கத்தில், சம்பளம் உறுதி, ஊரில் மரியாதை. இதைப் பார்த்து உயிரியலை எடுப்பவள் தெளிவாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளராக ஒரு பெண் அந்த ஊருக்கு வந்து போயிருந்தால் கணக்கு மாறியிருக்கக்கூடும்.

மொழி இன்னொரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த பிரிவுகள் சிவிலும் மெக்கானிக்கலும். தமிழ்வழியில் படித்த கிராமத்து மாணவிக்கு மிகப் பெரிய துணையாக இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு, ‘அது பசங்க படிக்கிறது’ என்று பெற்றோர் தயங்கும் இரு பிரிவுகளில் போய் உட்கார்ந்தது. கணினி அறிவியலிலோ மின்னணுவியலிலோ தொடங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் அந்தத் தமிழ்வழிப் பிரிவுகளையும் நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பல்கலைக்கழகம் பின்வாங்கியது.

தொழில்நுட்பத்தை வேறொரு வழியாகத் தொடும் பெண்களும் இருக்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கைபேசி பொருத்தும் வரிசைகளில் நிற்கிறார்கள். வீட்டுக்குப் பணம் வருகிறது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த வரிசையை வடிவமைக்கும் இடத்துக்குப் போகும் பாதையும் அதே பதினொன்றாம் வகுப்பிலேயே பிரிந்துவிட்டது.

என்ன செய்யலாம்

ஊக்குவிப்பு நிகழ்ச்சிகளை ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்பின் கடைசிக் காலாண்டுக்கும் நகர்த்தி, பெற்றோரையும் அழைக்கலாம். அங்கே ராக்கெட்டைவிட முதலில் பேச வேண்டியது குரூப்பைப் பற்றித்தான். ஒவ்வொரு ஒன்றியத்திலும் கணிதம், இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகாத ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியையாவது உறுதிசெய்து, டியூஷனுக்குப் பதிலாகப் பள்ளியிலேயே மாலை வகுப்பும் அது முடியும் நேரத்துக்கு ஒரு பேருந்தும் விடலாம். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் சுமாரான மாணவியைச் சேர்த்துக்கொண்ட பள்ளியைத் தேர்ச்சி விகிதத்துக்காகத் தண்டிக்காமல் இருக்கலாம். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. மே மாதத்தில் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும் பள்ளிக் கல்வித் துறை, ஆண்டுதோறும் ஜூலையில் இன்னொரு பட்டியலையும் வெளியிட வேண்டும்: ஒவ்வொரு பள்ளியிலும் எந்தக் குரூப்பில் எத்தனை மாணவியர், எத்தனை மாணவர் சேர்ந்தார்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. இதற்குப் புதிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை. துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு நேரேயும் அவள் எடுத்த குரூப் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.